ட்ரோன் இசை நிகழ்ச்சியில் ஒரே சுரத்தை மணிக்கணக்கில் இழுக்கிறார்களே, அதில் கேட்க என்ன இருக்கிறது?

மெட்டை எதிர்பார்த்துப் போனால் பத்தே நிமிடத்தில் எழுந்து வந்துவிடுவீர்கள். கவனிக்க வேண்டியது சுரத்துக்குள்ளே நடப்பதை. 220 ஹெர்ட்ஸும் 222 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறை சத்தம் ஏறி இறங்கும்; அதை யாரும் வாசிப்பதில்லை, தானாக வருவது.

நியூயார்க் சர்ச் தெருவில் இசையமைப்பாளர் லா மான்டே யங்கும் ஒளிக்கலைஞர் மரியன் ஸசீலாவும் 1993-இல் தொடங்கிய ‘ட்ரீம் ஹவுஸ்’ அறையில் இது அப்பட்டமாகத் தெரியும். ஸ்பீக்கரில் மாறாத ஒலிதான். ஆனால் தலையை லேசாகத் திருப்பினாலே வேறு சுரம் கேட்கும். சுவரில் மோதித் திரும்பும் அலைகள் இடத்துக்கு இடம் கூடியும் குறைந்தும் நிற்பதே காரணம்.

யங், கிரானா என்ற இந்துஸ்தானி மரபில் வந்த பாடகர் பண்டிட் பிராண் நாத்தின் சீடர். நம் கச்சேரியில் பின்வரிசையில் உட்காரும் தம்புரா இவர்களிடம் மேடை நடுவுக்கே வந்துவிட்டது என்பேன்.

பல குழுக்கள் சத்தத்தை ஏகத்துக்கு ஏற்றிவைக்கும். இயர்ப்ளக் எடுத்துப் போங்கள்.