மண்ணுக்குள் பாதி இருக்கும் கலை மையத்துக்குப் பகல் வெளிச்சம்

கேள்வி: சரிவான மனையில் கலை மையம் திட்டமிடுகிறோம். நூலகம், காட்சிக்கூடம், அரங்கம் மூன்றும் தரைமட்டத்துக்கு 4.5 மீட்டர் கீழே, கூரைமேல் புல்வெளி. பகலில் விளக்கில்லாமல் சமாளிக்கலாமா?

பதில்: பெருமளவு சமாளிக்கலாம். மூன்றுக்கும் ஒரே வெளிச்சம் என்று மட்டும் தொடங்காதீர்கள். அரங்கத்துக்கு இருட்டுதான் தேவை. அதைச் சரிவின் உட்பக்கம், மண்ணை ஒட்டித் தள்ளிவிடுங்கள். நூலகம் சரிவு திறக்கும் பக்கம் வரட்டும். சன்னலின் மேல்விளிம்பு 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், படிக்கப் போதுமான வெளிச்சம் உள்ளே சுமார் 6 மீட்டர்வரைதான் எட்டும். அதைத் தாண்டினால் நடுவில் முற்றம் வெட்டியாக வேண்டும். 4.5 மீட்டர் ஆழத்துக்கு அகலமும் குறைந்தது 4.5 மீட்டர், இரு மடங்கு கிடைத்தால் மிக நல்லது. முற்றச் சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளைப் பூச்சு அடியுங்கள், கண் கூசாது.

காட்சிக்கூடம்தான் சிக்கலானது. காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பதே வழக்கமான வரம்பு (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு). உச்சி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ். எனவே கதிர் நேராக விழவே கூடாது. அமெரிக்காவில் லூயி கான் வடிவமைத்த கிம்பெல் அருங்காட்சியகத்தில் (1972) வளைகூரையின் உச்சியில் நீளமான பிளவு உண்டு. அதன் கீழுள்ள அலுமினியத் தகடு வெளிச்சத்தைக் கூரையின் கான்கிரீட் மீதே திருப்பிவிடுகிறது. உங்கள் புல்வெளிக்கு நெருங்கிய முன்மாதிரி ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஸ்டேடல் அருங்காட்சியகம். 2012இல் திறந்த அதன் நிலத்தடிக் கூடத்துக்குப் புல்வெளியில் பதித்த 195 வட்டக் கண்ணாடிகள் வழியே வெளிச்சம் இறங்குகிறது.

கூரையில் ஒவ்வொரு திறப்பும் ஒழுகக்கூடிய இடம். விளிம்புச் சுவர் மண்மட்டத்துக்கு மேல் 15 சென்டிமீட்டராவது எழும்பட்டும்; நீர்க்காப்புப் படலம் அதன் உச்சிவரை ஏறட்டும். தலைக்குமேல் வரும் கண்ணாடியில் உட்புறத் தகடு லேமினேட் செய்ததாக, அதாவது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியதாக, இருப்பது கட்டாயம். உடைந்தாலும் சில்லு கீழே விழாது.

முற்றத்தில் விழும் மழைநீர் தானாக வெளியேற வழியில்லையென்றால் தொட்டியும் இரண்டு பம்புகளும் வேண்டும், மின்தடையிலும் ஓடும் ஏற்பாட்டோடு.

பலர் கோட்டைவிடுவது நிலத்தடி நீரின் மேலுந்துதலை. தளத்தின் அடிப்பாகத்துக்கு மேல் 3 மீட்டர் நீர் நின்றால், சதுர மீட்டருக்கு 3 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். கான்கிரீட் எடையால் மட்டும் அதை அடக்க 1.25 மீட்டர் தடிமன் வேண்டும். கட்டடத்தின் மற்ற பகுதிகளைக் கூரையும் அதன்மேல் மண்ணும் அழுத்திப் பிடிக்கும். முற்றத்துக்கு அந்தப் பாரம் கிடையாது. அதனால் முதலில் பெயர்ந்து வெடிப்பது அதன் தளம்தான். அங்கே தளத்தைக் கீழே இழுத்துப் பிடிக்க, நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் நங்கூரக் கம்பிகளையோ பைல்களையோ (தூண்களையோ) வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள். கட்டும்போது நிலத்தடி நீரைத் தாழ்த்தி வைக்கும் நீரிறைப்பை, கூரையில் மண் ஏறி முடியும்வரை நிறுத்தாதீர்கள்.