அபராதத்தைக் கூட்டினால் மலேசியாவில் திருட்டு ஸ்ட்ரீமிங் நின்றுவிடுமா?

நிற்காது என்பது என் கணிப்பு. சட்டம் ஏற்கெனவே கடுமைதான்: 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2022இல் வந்த திருத்தப்படி, திருட்டு ஸ்ட்ரீமிங் பெட்டி (சந்தா கட்டாமலே டிவியில் படம் காட்டும் கருவி) விற்றால் 10,000 முதல் 2,00,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இது விற்பவர் பக்கம். வாங்குபவர் பக்கம் பாருங்கள். செந்தூலில் ஒரு குடும்பத்துக்குத் தமிழ்ப்படம் ஒரு தளத்தில், தொடர் இன்னொன்றில், காற்பந்து வேறொன்றில். மாதாமாதம் மூன்று சந்தா. பெட்டிக்கோ ஒரே தடவை காசு.

படம் எடுக்கத்தான் கோடிக்கணக்கில் செலவு. அடுத்த பிரதிக்குச் செலவே இல்லாத மாதிரி. முதல் செலவைச் சுமக்காத திருடன் விலையை எவ்வளவும் இறக்கலாம். அவனை விலையால் மட்டும் ஜெயிக்க முடியாது, வசதியால் முடியும். பாட்டுத் துறை அந்த வழியில்தான் போனது; ஸ்பாட்டிஃபை 2013இல் இங்கு வந்தபின், இலவசமாகவே கேட்கலாம் என்றால் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் திருட்டு சிடி தேடுவானேன்?

ஆனால் கலைஞர்களுக்கு நியாயமான பங்கீடு வேறு கதை. மாதம் முழுக்க நம்மூர் ராப் பாடகர் ஒருவரையே கேட்டாலும், பாட்டுத் தளத்துக்கு நீங்கள் கட்டும் சந்தா அப்படியே அவருக்குப் போகாது. பெரும்பாலும் எல்லார் பணமும் ஒன்றாகச் சேர்ந்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை விழுக்காடோ அப்படிப் பிரியும். சின்னச் சந்தைக் கலைஞருக்குச் சில்லறைதான்.