கன்னத்தில் வழிவது என்ன? மஸ்தும் மணச்சுரப்பிகளும்: கேள்வி பதில்

காட்டு விலங்கு வைத்தியத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன் என்று இந்த வாரம் என்னை மாட்டிவிட்டார்கள். விலங்குகளின் தோலில் உள்ள மணச்சுரப்பிகளைப் பற்றிக் கேளுங்கள் என்றால், வந்ததில் முக்கால்வாசி யானைக் கேள்வி, அதுவும் மஸ்து பற்றி. களிறுக்கு, அதாவது ஆண் யானைக்கு, மதம் பிடிக்கும் பருவம்தான் மஸ்து; அப்போது கன்னத்தில் வழிவது மதநீர். எனக்கும் அதுதான் சௌகரியம்.

கேள்வி: சார், மதநீர் யானையின் மூளையிலிருந்து வடிகிறது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உண்மையா?

மூளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, தோலுக்கு அடியில், பக்கத்துக்கு ஒரு சுரப்பி. நம் அக்குளில் இருக்கும் வியர்வைச் சுரப்பிக்கு இது பங்காளி முறை. சுருண்ட குழாய்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டு, வெளியே ஒரே வாயாகத் திறக்கும். மற்ற நாளில் அந்த வாய் சின்னக் கீறல் மாதிரிதான் தெரியும்.

முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் ஒரு மாவூத்தர் (யானைப் பாகர்), குளிப்பாட்டும்போது அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். "ஊறிடுச்சு சார், இன்னும் பத்து நாள்" என்பார். பெரும்பாலும் தப்பாது. முதலில் தண்ணீராகக் கசியும். பிறகு கெட்டியாகி, புழுதி ஒட்டி, தார் பூசினாற்போல வாயோரம் வரை கோடு இறங்கும்.

கேள்வி: அது வழிவதால்தானே யானைக்கு வெறி பிடிக்கிறது?

தலைகீழாகச் சொல்கிறீர்கள். விரையிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பல மடங்கு ஏறுகிறது. கன்னம் வழிவதும் குணம் மாறுவதும் அதன் கூடவே வருபவை. சிறுநீரும் அப்போது சொட்டிக்கொண்டே இருக்கும். நம் முன்னோர் மும்மதம் என்று எண்ணியபோது, பிறப்புறுப்பு வழியே வழியும் கோசமதத்தையும் சேர்த்தார்களே, நன்றாகப் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

கேள்வி: மதநீரில் வண்டு மொய்க்கும் என்று பழைய பாட்டுகளில் வருகிறது. புலவர் கற்பனைதானே ஐயா?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். 2002-இல் 'நேச்சர்' இதழில் ராஸ்முசென், ரிடில், கிருஷ்ணமூர்த்தி மூவரும் எழுதிய சிறு கட்டுரை என் வாயை அடைத்தது. கிருஷ்ணமூர்த்தி நம் தமிழ்நாட்டு யானை மருத்துவர், 'டாக்டர் கே' என்றால் முகாம்களில் தெரியாதவர் இல்லை. முதன்முதலாக மஸ்துக்கு வரும் இளங்களிற்றின் கசிவு தேன் மணம் வீசுகிறது. வயது ஏற ஏற அது போய் நாற்றம் தொடங்குகிறது. பெரிய களிறுக்கு இது 'நான் சின்னப் பையன், சண்டைக்கு வரவில்லை' என்கிற சேதியாகப் போய்ச் சேர்கிறதாம்.

முதிர்ந்த களிறின் கசிவில் ஃப்ரன்டாலின் என்ற பொருள் கூடுகிறது. மரப்பட்டையைக் குடையும் சில வண்டுகள் தங்கள் இனத்தைக் கூப்பிடுவதற்கும் அதே பொருள்தான்! இந்த மூலக்கூறு வலது கை, இடது கை போல இரண்டு வடிவில் வரும். இளங்களிறில் ஒன்றுதான் மிகுதி. வயதானதில் இரண்டும் ஏறக்குறைய சமம், பிடிகளை, அதாவது பெண் யானைகளை, இழுப்பது அந்தச் சமக் கலவைதான்.

கேள்வி: எல்லா ஆண் யானைக்கும் ஒரே மாதத்தில் வருமா?

வராது. குளிர்நாட்டு மான்களுக்குப் பகல் பொழுது குறைவதுதான் கணக்கு. மந்தை முழுவதும் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரும். யானையில் ஒவ்வொரு களிறுக்கும் தனி நாட்காட்டி, பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறை. இளசுக்குச் சில நாள், பெரிசுக்கு மாதக்கணக்கு. உடம்பில் சதை இருந்தால்தான் வரும். மெலிந்த யானைக்குத் தள்ளிப் போகும். தீனியைக் குறைத்து மஸ்தை இறக்குகிற பழைய பழக்கம் இதை வைத்துத்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கேள்வி: தந்தமில்லாத ஆண் யானையான மக்னாவுக்கு மஸ்து வருமா?

தாராளமாக வரும். தந்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: கோடியக்கரையில் ஒரு ஆண் வெளிமான் குச்சி நுனியில் கண்ணைக் கொண்டுபோய்க் குத்திக்கொண்டதைப் பார்த்தேன். கண் போகாதா அண்ணா?

குத்தியது கண்ணில் இல்லை தம்பி, கண்ணுக்கு முன்னால் இருக்கும் பையில். பையை விரித்து, குச்சி நுனியை உள்ளே விட்டு எடுக்கும். அடுத்த முறை மான் போன பிறகு பாருங்கள், நுனியில் கருப்பாக மெழுகு மாதிரி ஒட்டியிருக்கும்.

அந்தப் பையில் இரண்டு வகைச் சுரப்பிகள். ஒன்று யானைக்குச் சொன்ன குழாய் வகை. இன்னொன்று எண்ணெய் வகை. அதன் செல்லே கொழுப்பால் நிறைந்து உடைந்துதான் எண்ணெய் வெளியே வரும். அத்தர் காய்ச்சுகிறவர்கள் பூமணத்தைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள் அல்லவா, சட்டென்று பறந்துவிடாமல்? இங்கேயும் எண்ணெய்க்கு அந்த வேலைதான். எல்லைக்குச் சொந்தக்காரக் கடாதான் அதிகம் பூசும், இணை சேரும் பருவத்தில் இன்னும் மும்முரம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இந்தச் சுரப்பைப் பிரித்துப் பார்த்து, கடாவின் அந்தஸ்துக்கேற்ப அதன் வேதிச் சேர்க்கை மாறுவதாக எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: கஸ்தூரியும் இப்படித்தானா?

இமயமலைக் கஸ்தூரி மானில் ஆணுக்கு மட்டும், தொப்புளுக்குக் கீழே ஒரு பை. கோடையில் பாலாடை மாதிரி சுரந்து பையில் நிறைகிறது. அங்கேயே முதிர்ந்து பழுப்பு மணிகளான பிறகுதான் நாம் சொல்லும் கஸ்தூரி. இணை சேர்வது குளிர்காலத்தில்.

கேள்வி: மசினகுடி சாலையில் தனிக் களிறு நின்றால், மஸ்தா இல்லையா என்று காரிலிருந்தே தெரியுமா?

கன்னத்தில் ஈரக் கோடு, பின்னங்காலின் உட்புறமும் ஈரம். இரண்டும் இருந்தால் மஸ்துதான், படம் எடுக்க நிற்காமல் வண்டியைப் பின்னால் எடுங்கள். கோடு காய்ந்து வெளுத்திருந்தால் மஸ்து இறங்கியிருக்கலாம், ஆனால் அதை உறுதி செய்துகொள்ளக் கிட்டப் போக வேண்டாம்.