கல்வளைவுகளுக்கு நடுவே ஒரு சுற்றுப்பாதை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் என்னும் சிற்றூரை ஒட்டி இருக்கிறது ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. அங்கே ‘டெவில்ஸ் கார்டன்’ சுற்றுப்பாதையில் சென்ற நவம்பரில் ஒரு பகல் முழுவதும் நடந்ததைப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் கேட்டிருப்பவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் மகன் சால்ட் லேக் சிட்டியில் வேலை பார்க்கிறான். வரும் அக்டோபரில் அவனிடம் போகிறோம். எனக்கு வயது 63. என் மனைவிக்கு 58. முழங்கால் வலி உண்டு. நீங்கள் நடந்த முழுச் சுற்றையும் எங்களால் நடக்க முடியுமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: அக்டோபர் நல்ல மாதம். சால்ட் லேக் சிட்டியிலிருந்து காரில் சுமார் நான்கு மணி நேரப் பயணம். பூங்கா வாசலைத் தாண்டிய பிறகும் பாதை தொடங்கும் இடத்துக்கு 29 கிலோமீட்டர் போக வேண்டும். அங்கிருந்து ‘லேண்ட்ஸ்கேப் ஆர்ச்’ என்னும் பெரிய வளைவு வரை சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். சரளையை இறுக்கிப் போட்ட பாதை என்பதால் மெதுவாக ஏறி இறங்கினால் உங்கள் மனைவியும் சிரமமில்லாமல் நடந்துவிடலாம்.

அதற்கு அப்பால் கதை வேறு. பாதை என்று தனியாக ஒன்றும் இல்லை. சாய்ந்து கிடக்கும் வழுவழுப்பான பாறையின் மேலேயே கைகளையும் ஊன்றிக்கொண்டு ஏற வேண்டும். இரட்டை வளைவான ‘டபுள் ஓ ஆர்ச்’ போகும் வழியில், இருபுறமும் பள்ளமாக இறங்கும் ஒரு நீண்ட பாறைச் சுவரின் முதுகில் நடக்க வேண்டியிருக்கும். கிளைப்பாதைகள் அனைத்தையும் சேர்த்தால் முழுச் சுற்று ஏறத்தாழ 12.7 கிலோமீட்டர் வரும். நான்கைந்து மணி நேரம் ஆகும். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆகவே லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சோடு இருவரும் திரும்பிவிடுவது நல்லது. அல்லது அவரை நிழலுள்ள ஓரிடத்தில் மகனோடு உட்காரவைத்துவிட்டு, நீங்கள் முதல் பாறை ஏற்றத்தை மட்டும் முயன்று பாருங்கள். அதில் கால் நடுங்கினால் மேலே போக வேண்டாம்.

கேள்வி: ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வரும் பூங்காவில் ‘ஆளரவமற்ற பாதை’ என்று எழுதியிருந்தீர்களே, மிகைப்படுத்தல் இல்லையா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பூங்காவுக்கு 2021-ஆம் ஆண்டில் மட்டும் 18 லட்சம் பேர் வந்தார்கள் என்பது உண்மை, காலை ஒன்பது மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் இடம் கிடைப்பதே அரிது என்பதும் உண்மை. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மிச்சமிருப்பவர்களில் பலர் டபுள் ஓ ஆர்ச்சைப் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்குகிறார்கள். அங்கிருந்து பாறைச் சுவர்களுக்குப் பின்னால் வளைந்து, மறுபடியும் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சுக்கு அருகில் வந்து சேரும் பின்பாதைக்குச் செப்பனிடாத பாதை என்றே பெயர். கடினமானது என்று எச்சரிக்கும் பலகையும் உண்டு. அந்தப் பலகைதான் அங்கே அமைதியைக் காவல் காக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் நான் எதிர்கொண்டது ஐந்து பேரைத்தான். அண்டங்காக்கை ஒன்று தலைக்கு மேலே பறந்தபோது அதன் சிறகு காற்றைத் தள்ளும் ஓசை தனியாகக் கேட்டது. நம் ஊரில் நாள்தோறும் காக்கை பறக்கிறது. சிறகின் ஓசையை நான் கேட்டதில்லை.

கேள்வி: பாதையே இல்லாத இடத்தில் வழி எப்படித் தெரியும்? கைபேசி வரைபடம் போதாதா?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: அலைவரிசையை நம்பிப் போகாதீர்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டாலும், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பத்தடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை அது சொல்லாது. வழியைக் காட்டுபவை கல்லடுக்குகள்: தட்டையான நான்கைந்து கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கால் உயரத்துக்கும் குறைவாகப் பூங்காக்காரர்கள் அடுக்கியிருப்பார்கள். ஓர் அடுக்கின் அருகில் நின்று அடுத்ததைக் கண்ணால் கண்டபிறகே நகர வேண்டும் என்பது விதி.

அந்த விதியை நான் ஒருமுறை மீறினேன். மணல் நிறைந்த ஓர் ஓடை நேராகப் போயிற்று, அதில் காலடித் தடங்களும் இருந்தன. தடங்களை நம்பி நடந்தேன். கால்மணி நேரத்துக்குப் பின் ஓடை ஒரு செங்குத்துப் பாறையில் போய் முட்டி நின்றது. தடங்களும் அங்கேயே திரும்பியிருந்தன. எனக்கு முன்னால் வந்தவர்களும் என்னைப் போலவே ஏமாந்திருக்கிறார்கள். கடைசியாகப் பார்த்த கல்லடுக்குக்குத் திரும்பி வந்து பார்த்தால், அடுத்த அடுக்கு ஒரு ஜூனிப்பர் மரத்தின் பின்னால், ஓடைக்கு மேலே இருக்கும் பாறைத் திட்டில் இருந்தது. விளையாட்டாகக் கல் அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. தயவுசெய்து அங்கே அதைச் செய்யாதீர்கள். நீங்கள் அடுக்கும் நான்கு கல் அடுத்து வருகிறவரைத் தவறான பள்ளத்துக்கு அனுப்பிவிடும்.

கேள்வி: பாலைவனக் காற்றுதானே இந்த வளைவுகளைச் செதுக்கியது? திருமலையில் உள்ள சிலாதோரணமும் இதே வகையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காஞ்சிபுரம்

பதில்: காற்றின் பங்கு சிறிதுதான், பெரும்பங்கு தண்ணீருடையது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல்நீர் மீண்டும் மீண்டும் புகுந்து வற்றியதில் ஆயிரக்கணக்கான அடி கனத்துக்கு உப்பு படிந்தது. பின்னர் அதன்மேல் மணலும் வண்டலும் படிந்து பாறையாயின. அழுத்தம் கூடினால் உப்பு பிசைந்த மாவைப் போல ஒதுங்கும் தன்மையுள்ளது. அது மேலே புடைத்துக் கிளம்பிய இடங்களில் மேலிருந்த மணற்பாறை இணைகோடுகளாக வெடித்தது. வெடிப்புகளில் இறங்கிய மழைநீர் அவற்றை அகலமாக்க, நடுவே மிஞ்சியவை மீனின் முதுகுத் துடுப்பைப் போன்ற மெல்லிய பாறைச் சுவர்கள். மணலை ஒட்டவைத்திருக்கும் சுண்ணத்தை நீர் கரைக்கிறது; குளிர்காலத்தில் அதே நீர் உறைந்து விரிந்து பாறையைப் பொருக்குப் பொருக்காகப் பெயர்க்கிறது. சுவரின் நடுவில் ஓட்டை விழுந்தால் அது வளைவு. எந்தத் திசையிலாவது மூன்றடித் திறப்பாவது இருந்தால்தான் பூங்காவின் கணக்கில் சேரும். அப்படி 2,000-க்கும் மேல் இருக்கின்றன.

சிலாதோரணமும் இயற்கை வளைவே. ஆனால் அது மிகப் பழைய, இறுகிய குவார்ட்சைட் பாறை. அகலம் ஏறத்தாழ 8 மீட்டர், உயரம் 3 மீட்டர். லேண்ட்ஸ்கேப் ஆர்ச் 93 மீட்டர் நீளம், வட அமெரிக்காவிலேயே மிக நீளமானது. பக்தியோடு பார்ப்பதற்கு அளவு தேவையில்லை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

கேள்வி: அவ்வளவு மெல்லிய வளைவு என்றால் இடிந்து விழாதா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: விழுந்திருக்கிறது. 1991 செப்டம்பர் 1-ஆம் தேதி லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சின் அடிப்பகுதியிலிருந்து சுமார் 60 அடி நீளமுள்ள ஒரு பாறைப் பாளம் பெயர்ந்து விழுந்தது. அடியில் இளைப்பாறிக்கொண்டிருந்தவர்கள் பாறை நெரியும் ஓசை கேட்டு விலகிவிட்டதால் தப்பினார்கள். அதன்பின் வளைவுக்கு அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். இப்போது தள்ளி நின்றுதான் பார்க்கலாம். இதே பாதையில் இருந்த ‘வால் ஆர்ச்’ 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் முழுவதுமாகச் சரிந்தது. அந்த இடத்தைக் கடக்கும்போது, இன்னும் மங்காத நிறத்தில் முறிவு முகங்களைக் காட்டிக்கொண்டு கிடக்கும் பாறைத் துண்டுகளைப் பார்த்தேன்.

கேள்வி: ‘மண்ணை மிதிக்காதீர்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். மண்ணை மிதிக்காமல் எப்படி நடப்பது?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பாறையிலும் ஓடை மணலிலும் தாராளமாக நடக்கலாம். நான் சொன்னது செடிகளுக்கு நடுவே கருகிய அடையின் மேற்புறம் போல மேடும் பள்ளமுமாக, கறுத்துத் தெரியும் மண்பொருக்கை. குனிந்து பார்த்தால் அது விரல்நுனி அளவுச் சிறு கோபுரங்களாக எழும்பி நிற்பது தெரியும். நீலப்பசும் பாசி நுண்ணுயிர்களும் பாசிகளும் மணல் துகள்களைப் பின்னிக் கட்டிய உயிருள்ள போர்வை அது. மண் காற்றில் பறக்காமல் காப்பதும், நீரைப் பிடித்து வைப்பதும் அதன் வேலை. ஒரு செருப்படியில் நொறுங்குவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

பாறைக் குழிகளில் தேங்கும் சுனைகளுக்கும் இதுவே பொருந்தும். சுனையைக் கண்டதும் கால் கழுவத் தோன்றுவது நம் இயல்பு. ஆனால் அந்தச் சாணளவு நீரில் சின்னஞ்சிறு இறால் வகைகள் வாழ்கின்றன. நீர் வற்றினால் அவற்றின் முட்டைகள் அடுத்த மழைவரை புழுதியில் காத்துக் கிடக்கும். நம் காலில் தடவிய களிம்பே அவற்றுக்கு நஞ்சு.

கேள்வி: ட்ரோன் பறக்கவிடலாமா? நாயை அழைத்துப் போகலாமா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: இரண்டும் கூடாது.

கேள்வி: எட்டு வயதுக் குழந்தையோடு போகிறோம். தண்ணீர் எவ்வளவு எடுத்துச் செல்ல வேண்டும்? குழந்தைக்கு ஏற்ற சிறிய சுற்று ஏதாவது உண்டா?
— ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: ஒரு நாளைக்கு ஆளுக்கு நான்கு லிட்டர் என்பது பூங்காவின் அறிவுரை. பாதை தொடங்கும் இடத்தில் குழாய் உண்டு; அதற்குப் பின் ஒரு சொட்டும் கிடைக்காது. கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும், நிழலும் குறைவு என்பதால் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். மழையோ பனியோ பெய்து பாறை ஈரமாக இருக்கும் நாளில் பின்பாதையை நினைக்கவே வேண்டாம்.

குழந்தைக்கு ‘ப்ரோக்கன் ஆர்ச்’ சுற்று பொருத்தமாக இருக்கும். நாலு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், அங்கும் கூட்டம் குறைவு. போகும் வழியில் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ‘சாண்ட் டியூன் ஆர்ச்’ இருக்கிறது. அதன் அடியில் நிழலிலேயே கிடக்கும் மணல் நண்பகலிலும் குளிர்ச்சியாக இருக்கும். குழந்தையைச் செருப்பைக் கழற்றிவிட்டு விளையாட விடுங்கள், வளைவின்மேல் மட்டும் ஏற விடாதீர்கள். அங்கிருந்து புல்வெளியைக் கடந்தால் ப்ரோக்கன் ஆர்ச். உடைந்த வளைவு என்று பெயர் சொல்கிறதே என்று குழந்தை கேட்டால், வளைவின் உச்சியில் இருக்கும் பிளவைக் காட்டுங்கள். அதைத் தவிர வளைவு முழுதாகவே இருக்கிறது.