காற்றுக் கருவியா, கட்டா, காலுறையா?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, என் தாயாருக்கு வயது 69. உணவங்காடி நிலையத்தில் முப்பது ஆண்டுகள் நின்றபடியே வேலை பார்த்தவர். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உண்டு. நான்கு மாதங்களாக இடது கணுக்காலின் உட்புறத்தில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. மாலையானால் இரண்டு கால்களும் வீங்கிவிடுகின்றன. அழுத்தக் கட்டுப் போட வேண்டியிருக்கும் என்று பலதுறை மருந்தகத் தாதி சொன்னார். இதற்கிடையே, காற்றடித்துக் காலை அழுத்தும் கருவி ஒன்று இணையத்தில் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தேன். வாங்கலாமா?
- ஈசூன் வாசகி

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கருவி கெட்டது என்பதற்காக அல்ல, உங்கள் அம்மாவின் காலில் எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம் என்பது இன்னும் அளக்கப்படவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நீண்ட காலம் நின்று வேலை செய்தவருக்குக் கணுக்காலின் உட்புறத்தில் புண் வந்து, மாலையில் வீக்கமும் கூடுகிறது என்றால், சிரைகளில் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு செல்லும் குழாய்களில்) உள்ள வால்வுகள் பழுதாகி இரத்தம் மேலே ஏறாமல் கீழேயே தேங்குவதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். வெளியிலிருந்து காலை அழுத்திப் பிடித்தால் அந்தத் தேக்கம் குறையும், புண்ணும் ஆறத் தொடங்கும். ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளும் சுருங்கியிருக்கக்கூடும். ஏற்கெனவே குறைவாக இரத்தம் வரும் காலை இறுக்கினால் தசை அழுகி, காலையே இழக்க நேரிடலாம்.

ஆகவே, கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை டாப்ளர் கருவியால் அளந்து ஒப்பிடும் சோதனையை முதலில் கேளுங்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.8-க்கும் 1.3-க்கும் இடையில் இருந்தால் பொதுவாக முழு அழுத்தம் தரலாம். 0.5-க்கும் 0.8-க்கும் இடையில் என்றால் நிபுணரின் கண்காணிப்பில் குறைந்த அழுத்தம் மட்டுமே தரலாம். 0.5-க்கும் கீழே என்றால் அழுத்தமே கூடாது, இரத்தநாள நிபுணரிடம்தான் செல்ல வேண்டும். நீரிழிவில் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி விறைத்துவிடுவதால் இந்த எண் பொய்யாகக் கூடுதலாகவும் வரும். 1.3-ஐத் தாண்டினால் நல்ல செய்தி என்று மகிழ்ந்துவிடாமல், கால்விரலில் அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள்.

இனி கருவிக்கு வருவோம். காற்றுக் கருவி, மாட்டியிருக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்திற்கு அழுத்தி அழுத்தி விடும். கழற்றிய பிறகு கால் பழையபடி விடப்பட்டுவிடும். எந்த அழுத்தமும் இல்லாமல் இருப்பதைவிட அது புண் ஆற உதவலாம். ஆனால் அழுத்தக் கட்டையோ, காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறையையோ விட அது மேலானது என்று தெளிவாக நிரூபிக்கப்படவில்லை. புண் ஆற நாங்கள் நாடும் அழுத்தம் கணுக்காலில் ஏறத்தாழ 40 மி.மீ. பாதரசம். அதை நாள் முழுவதும் நிலைநிறுத்துபவை பல அடுக்குக் கட்டும் காலுறையும்தான்.

கட்டின் பலம், போடுகிறவரின் கையில் இருக்கிறது. ஒரே இழுப்பில் சுற்றினாலும் மெலிந்த கணுக்காலில் அழுத்தம் கூடும், பருத்த கெண்டைக்காலில் குறையும். எலும்பு துருத்தும் இடத்தில் பஞ்சு வைக்காவிட்டால் அங்கேயே புதிய புண் வரும். ஆகவே யூடியூப் பார்த்து வீட்டில் சுற்ற வேண்டாம். புண் சிறியதாகி, நீர் கசிவதும் குறைந்த பிறகு இரட்டை அடுக்குக் காலுறையைப் பற்றிக் கேட்கலாம். 2014-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 457 பேரை ஒப்பிட்டபோது, நான்கு அடுக்குக் கட்டிலும் இரட்டைக் காலுறையிலும் ஒரேபோல ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியது. ஆயினும் காலுறை குழுவில் பலர் நடுவில் வேறு முறைக்கு மாறினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அணிய முடியாத காலுறையால் பயனில்லை. விலை உயர்ந்த காலுறை, குதிகாலுக்கு மேல் ஏற்ற முடியாமல் அலமாரியிலேயே கிடந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவால் குனிய முடியாது என்றால், ஒட்டும் பட்டைகளால் இறுக்கிக்கொள்ளும் உறை எளிது.

காலுறைகளை அழுத்தத்தின் அளவைப் பொறுத்து வகுப்புகளாகப் பிரிப்பார்கள். கடையில் "வகுப்பு 2" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஜெர்மன் அளவில் அது 23 முதல் 32 மி.மீ., பிரிட்டிஷ் அளவில் 18 முதல் 24 மி.மீ. பெட்டியில் மி.மீ. எண்ணையே பாருங்கள். காலை எழுந்தவுடன், வீக்கம் ஏறுமுன் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: இரண்டு கால்களும் வீங்குகின்றன என்கிறீர்கள். கொதிப்புக்கு அவர் அம்லோடிபின் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அந்த மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும். தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சிரைப்பும் இருந்தால் அழுத்தக் கட்டுக்கு முன் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். கட்டுப் போட்ட பின் விரல்கள் நீலமானாலோ, மரத்துப்போனாலோ, வலி கூடினாலோ, இரவானாலும் காத்திராமல் கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் சிரைப் புண் ஆறி இரண்டு மாதங்கள் ஆகின்றன. நம் ஊர் வெயிலில் காலுறை தாங்க முடியவில்லை. விட்டுவிடலாமா?
- பிடோக் வாசகர்

பதில்: தோல் மூடியிருக்கிறது, ஆனால் வால்வுகள் பழுதாகவே இருக்கின்றன. விட்டால் திரும்பி வரும். கழற்றிவிட்டுத் தூங்குங்கள், காலையில் படுக்கையிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். தாங்கவே முடியாவிட்டால் அணியாமல் விடுவதற்குப் பதில் ஒரு வகுப்பு குறைந்ததைக் கேளுங்கள். மூன்று முதல் ஆறு மாதங்களில் காலுறையின் மீள்தன்மை போய்விடும், அப்போது புதியது வாங்க வேண்டும். கூடவே, தோலுக்கு அடியில் பழுதாகியிருக்கும் சிரைக்குச் சிகிச்சை செய்யலாமா என்றும் விசாரியுங்கள். 2007-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அழுத்தச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நான்கு ஆண்டுகளில் 56 விழுக்காட்டினருக்குப் புண் திரும்பியது. அதனுடன் சிரை அறுவையும் செய்துகொண்டவர்களில் அது 31 விழுக்காடு.