ஊர் கூடித் தேர்ந்தெடுக்காத சபை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘அரசியல் நிர்ணய சபையை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அது எழுதிய அரசியல் சட்டத்துக்கு என்ன மதிப்பு?’ என்று டிவி விவாதத்தில் ஒருவர் கேட்டார். உண்மையா? நம்மூரிலிருந்து யாரெல்லாம் போனார்கள்?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

பதில்: முதல் பாதி உண்மைதான், அம்மா. 1946-ல் மாகாணச் சட்டசபைகளுக்குத் தேர்தல் நடந்தது. சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி இருந்தால்தான் அன்று ஓட்டு. வயது வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் அது இருந்தது. அப்படி வென்ற சட்டசபை உறுப்பினர்கள் கூடி அரசியல் நிர்ணய சபைக்கு ஆள் அனுப்பினார்கள். பத்து லட்சம் மக்களுக்கு ஓர் இடம் என்பது உத்தேசக் கணக்கு. சென்னை மாகாணத்துக்கு 49 இடங்கள்: 45 பொது, 4 முஸ்லிம். ஆந்திரமும் மலபாரும் அப்போது நம்மோடு இருந்ததால் 49 பேரும் தமிழர்கள் அல்ல.

போனவர்களில் சிலரை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள். டி.டி.கே. சாலை, டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பெயர். துர்காபாய் தேஷ்முக் சாலை, காயிதே மில்லத் சாலை, காமராஜர் சாலை எல்லாமே அந்தச் சபையில் உட்கார்ந்தவர்களின் பெயர்கள். நான் வரலாறு சொல்லிக்கொடுத்த காலத்தில் மாணவிகளை இந்தச் சாலைப் பெயர்களிலிருந்துதான் பாடத்துக்குள் கூட்டிப்போவேன். சட்டத்தின் வரைவைத் தயாரித்த வரைவுக் குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் கோபாலசாமி அய்யங்காரும் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள், டி.டி.கே. பிறகு சேர்ந்தார். சபை முழுவதிலும் பெண்கள் 15 பேர்தான். அவர்களில் ஒரே தலித் பெண்ணான தாட்சாயணி வேலாயுதன் நம் மாகாணத்திலிருந்து போனவர். அப்போது அவருக்கு வயது 34.

சரி, மதிப்பு எங்கிருந்து வந்தது? அவர்கள் வேலை செய்த விதத்திலிருந்து வந்தது என்பேன். 1946 டிசம்பர் 9-ல் தொடங்கி 165 நாட்கள் அமர்ந்தார்கள். வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் 2,473 சபையில் முறைப்படி முன்மொழியப்பட்டன. உறுப்பினர் எழுதிக் கொடுப்பார், எண் போடுவார்கள், அவர் எழுந்து பேசுவார், மற்றவர்கள் வெட்டியும் ஒட்டியும் பேசுவார்கள், அம்பேத்கர் பதில் சொல்வார், அப்புறம் வாக்கெடுப்பு. ஒவ்வொரு பிரிவுக்கும் இதே முறை.

1948 நவம்பர் 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு வந்தது. எந்தச் சமூகமும் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றுக்கான தன் தனிச் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் திருத்தம் கொண்டுவந்தார். தோற்றது. ஆனால் அவர் சொன்னது முழுவதும் சபைக் குறிப்பில் இருக்கிறது, அம்பேத்கரின் பதிலும் இருக்கிறது. அதே மாதம் 5-ஆம் தேதி டி.டி.கே., இந்தியைத் திணித்தால் தெற்கு பொறுக்காது, முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பது உ.பி. நண்பர்கள் கையில் இருக்கிறது என்று நேருக்கு நேர் சொன்னார். வரைவுக் குழுவில் ஒருவர் விலகிவிட்டார், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார், கடைசியில் பாரம் முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று சொன்னதும் அதே பேச்சில்தான்.

எல்லாவற்றையும்விட என்னை நெகிழ வைப்பது ஒன்று உண்டு. குறுகிய ஓட்டுரிமையால் உள்ளே வந்தவர்கள், 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று எழுதினார்கள். சொத்து, படிப்பு என்று எந்த வேலியும் போடவில்லை. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 1948-லேயே வாக்காளர் பட்டியல் வேலையையும் தொடங்கிவிட்டார்கள். டிவியில் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: முதல் தேர்தலுக்கு முன்பே இட ஒதுக்கீட்டுக்காக அரசியல் சட்டத்தைத் திருத்தியது எந்த நாடாளுமன்றம்?
– தாம்பரம் வாசகர்

பதில்: அதே அரசியல் நிர்ணய சபைதான். 1950 ஜனவரி 26 முதல் அது தற்காலிக நாடாளுமன்றம். மேலவை கிடையாது, ஒரே அவை.

அந்தத் திருத்தத்துக்குக் காரணமான வழக்கு நம் சென்னையில் பிறந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துக் கொடுத்த வகுப்புவாரி அரசாணையை உயர் நீதிமன்றம் 1950-ல் ரத்து செய்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இங்கே பெரியார் முன்னின்று போராட்டம் கிளம்பியது. ஜூன் 18-ல் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) பிரிவு பிறந்தது.

ஆனால் அதே திருத்தம் பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளையும் விரித்தது. அதற்குப் பின்னாலும் ஒரு சென்னை வழக்கு: ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்கு மாகாண அரசு போட்ட தடை. சில மாதங்களில் தேர்தல் வரப்போகிறது, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத அவை இதில் கை வைக்கலாமா என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது. சியாமா பிரசாத் முகர்ஜி கடுமையாக வாதாடினார். 15(4) தாமதிக்காமல் வந்தே ஆக வேண்டியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேச்சுரிமைப் பகுதியைத் தேர்தலுக்குப் பிறகு எடுத்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் உறுப்பினர்கள் விடாமல் வாதாடியதால்தான் கட்டுப்பாடுகள் ‘நியாயமானவையாக’ இருக்க வேண்டும் என்ற சொல் அதில் சேர்ந்தது. இன்று பேச்சுரிமை வழக்குகள் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

கேள்வி: 1952-ல் தான் இரண்டு ஓட்டுப் போட்டதாகத் தாத்தா சொல்வார். அப்படி உண்டா?
– வண்ணாரப்பேட்டை வாசகர்

பதில்: உண்டு. மக்களவைக்கும் சட்டசபைக்கும் அப்போது சேர்த்தே தேர்தல் நடந்ததால் இரண்டு ஓட்டு சாதாரணம். அது தவிர, இரட்டை உறுப்பினர் தொகுதிகளும் இருந்தன. மக்களவையின் 489 இடங்களுக்குத் தொகுதிகள் 401 மட்டுமே. அவற்றில் 86 இரட்டைத் தொகுதிகள், வடக்கு வங்காளத்தில் ஒன்று மட்டும் மூவர் தொகுதி. இரட்டைத் தொகுதியில் பொதுவாக ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கும். வாக்காளருக்கு இரண்டு சீட்டு; இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட முடியாது. சீட்டில் முத்திரை குத்தும் வேலையும் கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டியாக, சின்னம் ஒட்டி வைத்திருப்பார்கள், சீட்டை அதில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். 1961-ல் இரட்டைத் தொகுதிகளை எடுத்துவிட்டார்கள்.

தாத்தா எந்த ஊரில் ஓட்டுப் போட்டார் என்று கேட்டு எழுதுங்கள். அது இரட்டைத் தொகுதியா என்று அந்தத் தேர்தலின் அறிக்கையைப் பார்த்து அடுத்த இதழில் சொல்கிறேன்.