சிற்றலை என்றால் என்ன? தூரத்துப் பாட்டு இரவில் நன்றாகக் கேட்டது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற மலையடிவாரத் தோட்டப் பட்டணங்களில் எப்.எம். சில இடங்களில் விட்டுவிட்டுத்தான் வருகிறது. அந்தக் காலத்தில் லயத்து வீட்டுக்கு இலங்கை வானொலி எப்படி எட்டியது என்று பலரும் கேட்கிறார்கள்.

சிற்றலை என்பது வானத்தில் பட்டுத் திரும்பும் வானொலி அலை. மிக உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு ஒன்று இருக்கிறது. கேரம் காய் பலகை ஓரத்தில் மோதித் திரும்புவதுபோல் அலை அதில் பட்டுக் கீழே வரும். எப்.எம். டார்ச் வெளிச்சம் மாதிரி, குன்று குறுக்கே நின்றால் மறைந்துபோகும். பகலில் கீழடுக்கு ஒன்று அலையை விழுங்கும்; பொழுது சாய்ந்ததும் அது கலைந்துவிடும்.

அலை ஒரே வழியில் வருவதில்லை. இரு வழியில் வந்தவை ஒன்றையொன்று அழிக்கும்போது பாட்டு தேய்ந்து, மறுபடி எழும். ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்ட கூர்மையான ஓசையும் வெட்டுப்படும், எப்.எம்.மில் 15 வரை கிடைக்கும். அதனால் குரலும் மெட்டும் தப்பிக்கும், ஜால்ராவின் கிணுகிணுப்பு போய்விடும். வரிகள் மனப்பாடமானதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

1952இல் இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்க, ரசிகர்கள் இலங்கைப் பக்கம் சாய்ந்தார்கள். 1957இல் இந்திய வானொலியின் திரைப்பாடல் சேவையான விவித் பாரதி வந்தது.

பழைய பெட்டியில் சிற்றலை கேட்க, 8 முதல் 10 மீட்டர் கம்பியை ஏரியலில் மாட்டி ரம்புத்தான் மரத்தில் கட்டுங்கள். தகரக்கூரைக்கு அடியில் விட்டால் பயனில்லை.

மத்திய அலைக்கும் (மீடியம் வேவ்) வெளி ஏரியலைத் திருப்பினால் போதும் என்று நினைப்பது தவறு: அதற்கான ஏரியல் பெட்டிக்குள் இருக்கும் கரிய பெரைட் (காந்தப்பொருள்) குச்சி, திருப்ப வேண்டியது பெட்டியை.